கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோகிறதா? கணக்கைக் காத்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் முறை

கடை அடைத்து வீட்டுக்கு வந்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அன்றைய கொள்முதலையும் கடன் வரவையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவது நம்மில் பலருக்கும் வழக்கமாகிவிட்டது. ஐம்பது பில் ஏற்றி முடிக்கும் நேரத்தில் திரை திடீரென்று நீலமாக மாறுகிறது. அல்லது ஒரு வார்த்தையும் சொல்லாமல் மெஷின் அணைந்து, தானாகவே மறுபடி எழும்புகிறது. என்றோ ஒரு நாள் நடந்தால் பொறுத்துக்கொள்ளலாம். வாரத்தில் மூன்று நாள் நடந்தால் தொழிலுக்கே இடைஞ்சல்.

அப்போது நாம் வழக்கமாகச் செய்வது இரண்டு காரியங்கள். ஒன்று, பட்டனை அழுத்தி மறுபடி போட்டுக்கொண்டு நாளைத் தள்ளுவது. மற்றொன்று, பொறுமை இழந்து மெஷினைத் தூக்கிக்கொண்டு போய், "விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுங்கள்" என்று சொல்வது. இரண்டுமே தவறு. முதலாவதில் பழுது வளர்கிறது. இரண்டாவதில் கணக்கே போய்விடக்கூடும்.

எனக்கு அப்படித்தான் ஆயிற்று. வீட்டு மெஷின் அடிக்கடி அணைந்து எழும்பியதால் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தேன். அவர் டிஸ்க்கை ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாக ஏற்றிக் கொடுத்தார். உள்ளே கடைக் கணக்கு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. என் கையிலிருந்த நகல் ஐந்து வாரத்துக்கு முந்தையது. அந்த ஐந்து வாரக் கடன் பாக்கியைத் துண்டுச் சீட்டுகளைப் பார்த்தும், வாடிக்கையாளர்களிடம் வாய்மொழியாகக் கேட்டும் எழுதினோம். பெரும்பாலோர் நாணயமாகச் சொன்னார்கள். சொல்லாமல் போனதும் உண்டு. இவ்வளவுக்குப் பிறகும், புது விண்டோஸ் ஏற்றிய நான்காம் நாள் மெஷின் பழையபடியே அணைந்தது. பழுது விண்டோஸில் இல்லவே இல்லை. எங்கே இருந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

திரும்பத் திரும்ப வரும் பழுதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஒரே ஒரு முறை வந்து மறையும் பழுதுதான் பிடிபடாது. அடிக்கடி வருவது தடம் விட்டுச் செல்கிறது. பேரேட்டில் ஐந்நூறு ரூபாய் வித்தியாசம் வந்தால் பேரேட்டைக் கிழித்துப் போடுகிறோமா? எந்த நாளில், எந்தப் பக்கத்தில், எந்த வரியில் வித்தியாசம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக் கண்டுபிடிக்கிறோம். கம்ப்யூட்டர் பழுதைத் தேடுவதும் அதே வேலைதான். அதற்கு மூன்று விதிகள்: முதலில் கணக்கைக் காப்பாற்று, இரண்டாவதாக எழுதி வை, மூன்றாவதாக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று.

கணக்கு முதலில், மெஷின் பிறகு

பழுது தேட ஆரம்பிக்கும் முன் கணக்கு முழுவதையும் வெளியே நகல் எடுத்துவிட வேண்டும். டாலி போன்ற கணக்கு மென்பொருள்களில் பேக்கப் எடுக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. பில் போடும் மென்பொருள் வேறாக இருந்தால், அதன் தகவல் எந்த ஃபோல்டரில் சேமிக்கப்படுகிறது என்பதை விற்றவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பலருக்கு இது தெரியாமலே இருக்கிறது.

நகல் எத்தனை வேண்டும் என்பதற்குக் கணினித் துறையினர் மூன்று, இரண்டு, ஒன்று என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மொத்தம் மூன்று பிரதிகள். அவை இரண்டு வகைச் சாதனங்களில். அவற்றில் ஒன்று வேறு இடத்தில். நம் அளவில் சொன்னால், மெஷினில் உள்ளது ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, கடையிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று. வெளி டிஸ்க்கை எப்போதும் சொருகியே வைத்திருக்கக் கூடாது. மின்சாரக் கோளாறோ வைரஸோ தாக்கினால் இரண்டும் சேர்ந்து போகும். எடுத்த நகலை வேறொரு கம்ப்யூட்டரில் ஒரு முறையாவது திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகலை நகல் என்று எண்ணக் கூடாது.

இது வெறும் முன்ஜாக்கிரதை மட்டுமன்று. சட்டமும் இதையே சொல்கிறது. மின்னணு முறையில் கணக்கு வைப்போர் முறையான நகலைப் பாதுகாக்க வேண்டும் என்றும், விபத்தாலோ இயற்கைக் காரணத்தாலோ அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கக்கூடியதாக அது இருக்க வேண்டும் என்றும் 2017-ஆம் ஆண்டின் மத்திய ஜி.எஸ்.டி. விதிகளில் 57-ஆம் விதி கூறுகிறது. ஓர் ஆண்டின் கணக்கை, அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டத்தின் 36-ஆம் பிரிவு. "கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது" என்பதை அதிகாரியிடம் பதிலாகச் சொல்லிவிட முடியாது.

இன்னொன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். விண்டோஸ் 11 உள்ள பல மெஷின்களில் டிஸ்க் முழுவதும் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பிட்லாக்கர் என்பது அந்தப் பூட்டின் பெயர். பழுது பார்க்கும்போது சில நேரம் 48 இலக்கச் சாவி எண்ணைக் கேட்கும். அந்த எண் இல்லாவிட்டால் டிஸ்க்கில் உள்ளதை எவராலும் படிக்க முடியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் பெரும்பாலும் அங்கே கிடைக்கும். மெஷின் ஓடும்போதே எடுத்துக் காகிதத்தில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.

பழுதுக்கும் ஒரு சிட்டை

1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் தேதி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க்-2 என்ற கம்ப்யூட்டர் தகராறு செய்தது. பிரித்துப் பார்த்தபோது உள்ளே ஒரு ரிலேயில் விட்டில் பூச்சி ஒன்று சிக்கியிருந்தது. அந்தப் பூச்சியை டேப் போட்டுக் குறிப்பேட்டில் ஒட்டி, பக்கத்தில் நேரத்தையும் இடத்தையும் எழுதி வைத்தார்கள். அந்த ஏடு இன்றும் அந்நாட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பூச்சிக் கதையைப் பலரும் சொல்வதுண்டு. நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அந்தக் குறிப்பேட்டைத்தான்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். மெஷின் நிற்கும் ஒவ்வொரு முறையும் இவற்றை எழுதுங்கள்: தேதி, மணி, திரையில் வந்த வாசகம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை, சமீபத்தில் புதிதாகச் சேர்த்த சாமான் அல்லது மென்பொருள், அந்த நேரத்தில் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த மின்சாதனங்கள். நீலத் திரை வந்தால் கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள். 2025 முதல் விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் இத்திரை நீலத்துக்குப் பதில் கருப்பாக வருகிறது, பொருள் ஒன்றுதான். படம் எடுப்பதற்குள் மெஷின் தானாக எழும்பிவிடுமானால், சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய், ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி என்ற இடத்தில் "ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்" என்பதற்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிடலாம்.

நாம் எழுதாமல் விட்டதையும் விண்டோஸ் எழுதி வைத்திருக்கும். தேடும் கட்டத்தில் "ரிலையபிலிட்டி" என்று ஆங்கிலத்தில் தட்டினால், "வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி" என்று வரும். அதைத் திறந்தால் நாள்வாரியாகச் சிவப்புப் பெருக்கல் குறிகள் தெரியும். எந்தத் தேதியிலிருந்து குறிகள் ஆரம்பிக்கின்றன, அதற்கு முந்தைய நாள் எந்த மென்பொருள் ஏறியது என்று பாருங்கள். பாதி வழக்குக்கு இங்கேயே தீர்ப்புக் கிடைத்துவிடும்.

இன்னும் நுணுக்கமாகப் பார்க்க ஈவண்ட் வியூவர் என்ற பதிவேடு இருக்கிறது. அதில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் என்ற பகுதியில் "கெர்னல்-பவர் 41" என்ற பதிவு இருந்தால், முறைப்படி மூடாமல் மெஷின் அணைந்தது என்று பொருள். அதனுடன் "பக்செக்" என்ற 1001-ஆம் எண் பதிவும் இருந்தால், விண்டோஸே ஒரு தவறைக் கண்டு நிறுத்தியிருக்கிறது. 41 மட்டும் தனியாக இருந்தால், விண்டோஸுக்கு ஒன்றும் எழுத நேரம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். அப்போது முதல் சந்தேகம் மின்சாரம், எஸ்.எம்.பி.எஸ்., சூடு ஆகியவற்றின் மேல் விழ வேண்டும்.

என் மெஷினில் 41 மட்டுமே இருந்தது. நோட்டில் எழுதிய நேரங்களோ காலை ஆறே முக்கால், இரவு எட்டேகால், மறுபடி காலை ஆறரை என்று இருந்தன. அவை மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் போடும் நேரங்கள் என்று வீட்டில் அம்மாதான் கண்டுபிடித்துச் சொன்னார்.

நீலத் திரை சொல்வது என்ன?

நீலத் திரையைக் கண்டு மெஷின் செத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். உள்ளே ஒரு தவறு நேர்ந்து, மேற்கொண்டு ஓடினால் தகவல் கெட்டுவிடும் என்ற நிலையில் விண்டோஸ் தானே வேலையை நிறுத்திக்கொள்கிறது. கல்லாவில் கணக்கு இடித்தால் வியாபாரத்தை ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு எண்ணிப் பார்ப்பது போன்றது அது. அடியில் "ஸ்டாப் கோடு" என்று ஒரு வாசகம் இருக்கும். அடிக்கடி காணப்படுபவை இவை:

"மெமரி மேனேஜ்மென்ட்", "பேஜ் ஃபால்ட் இன் நான்-பேஜ்டு ஏரியா": ரேமைச் சோதிக்க வேண்டும். டிரைவரும் காரணமாகலாம்.

"ஐ.ஆர்.க்யூ.எல். நாட் லெஸ் ஆர் ஈக்வல்": பெரும்பாலும் ஏதோ ஒரு டிரைவர். சில வேளை ரேம்.

"கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர்": டிஸ்க் அல்லது அதன் கேபிள். உடனே கணக்கை நகல் எடுங்கள்.

"டபிள்யூ.எச்.இ.ஏ. அன்கரெக்டபிள் எரர்": உறுப்புகளில் கோளாறு. சூடு, மின்னழுத்தம், பிராசஸர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

"வீடியோ டி.டி.ஆர். ஃபெயிலியர்": திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் பகுதி அல்லது அதன் டிரைவர்.

"டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர்": மெஷின் தூங்கி எழும்போது ஏதோ ஒரு டிரைவர் சரியாக எழவில்லை.

ஒரு முறை வந்த வாசகம் சந்தேகம்தான். அதே வாசகம் மூன்று முறை வந்தால் சாட்சி. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு வாசகம் வந்தால், மென்பொருளைவிட ரேம், மின்சாரம், சூடு ஆகிய மூன்றில் ஒன்றின் மேல் சந்தேகம் பலப்படுகிறது.

சுலபமானதிலிருந்து தொடங்குங்கள்

செலவில்லாததையும் சுலபமானதையும் முதலில் பார்க்க வேண்டும். தேடும் வரிசை கீழ்வருமாறு.

1. மின்சாரம். நமக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் என்பது பெயரளவுதான். மோட்டார், ஃப்ரிட்ஜ், கிரைண்டர் ஆகியவை தொடங்கும் நொடியில், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். அந்த நொடியில் அதே லைனில் அழுத்தம் சரியும். யு.பி.எஸ். நல்ல நிலையில் இருந்தால் தாங்கிக்கொள்ளும். ஆனால் அதனுள் இருக்கும் பேட்டரி இரண்டு, மூன்று ஆண்டுகளில் சோர்ந்துவிடும். விளக்கு எரிவதால் நாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். சோதிக்க வழி எளிது. வேலையை எல்லாம் சேமித்து மூடிவிட்டு, யு.பி.எஸ்.ஸுக்கு வரும் சுவிட்சை அணையுங்கள். மெஷின் உடனே அணைந்தால் பேட்டரி போய்விட்டது. என் வழக்கில் பழுது இதுதான். பேட்டரி ஒன்றை மாற்றி, கம்ப்யூட்டரை மோட்டார் லைனிலிருந்து வேறு லைனுக்குக் கொண்டுபோனதோடு சரியாகிவிட்டது. எர்த் சரியாக இருக்கிறதா என்பதையும் எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். சந்தேகம் இருந்தால் வேறொன்றை மாற்றிப் போட்டுப் பார்ப்பதே முறை.

2. தூசியும் சூடும். மளிகைக் கடையில் மாவும் மிளகாய்த்தூளும் காற்றிலேயே இருக்கின்றன. கடையிலிருந்து வீட்டுக்கு வந்த மெஷின் என்றால் உள்ளே விசிறியின் மேல் அடை படிந்திருக்கும். பிராசஸர் சுமார் 100 டிகிரி சூட்டை எட்டினால், தன்னைக் காத்துக்கொள்ள முதலில் வேகத்தைக் குறைக்கும்; அதற்கும் அடங்காவிட்டால் மெஷின் அணைந்துவிடும். போட்டதும் நன்றாக ஓடி, அரை மணி, ஒரு மணி கழித்து நிற்பது இதன் அடையாளம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றி, மெல்லிய பிரஷ்ஷால் துடையுங்கள். ஊதும்போது விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் படும். பல ஆண்டு பழைய மெஷின் என்றால் பிராசஸரின் மேல் உள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். அதைப் புதிதாகப் பூசச் சொல்லுங்கள். கரப்பான் பூச்சி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். மதர்போர்டில் உருளை வடிவக் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்பதையும் அப்போதே கவனியுங்கள். 2000-ஆம் ஆண்டை ஒட்டிய சில வருடங்களில் செய்த போர்டுகளில் இது உலகெங்கும் காணப்பட்ட குறை.

3. ரேம். தேடும் கட்டத்தில் "மெமரி" என்று தட்டினால் "விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்" வரும். இரவில் ஓட விட்டுவிட்டுப் படுக்கலாம். தவறு காட்டினால், மெஷினை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கி, உலோகத்தைத் தொட்டுக் கையிலுள்ள மின்னேற்றத்தைப் போக்கிக்கொண்டு, ரேமைக் கழற்றித் திரும்ப அழுத்தமாகச் சொருகுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை எடுத்துவிட்டு ஒன்றோடு சில நாள் ஓட்டுங்கள். பிறகு மற்றொன்றோடு ஓட்டுங்கள். கெட்டது எது என்று தெரிந்துவிடும். கெட்ட ரேமை வைத்துக்கொண்டு நாள் கடத்தக் கூடாது. அது மெஷினை நிறுத்துவதோடு விடாது. நிறுத்தாமலே ஒரு எண்ணை மாற்றி டிஸ்க்கில் எழுதிவிடவும் கூடும். நின்றுபோன மெஷினாவது கண்ணுக்குத் தெரிகிறது. மாறிப்போன பாக்கித் தொகை தெரியாது.

4. டிஸ்க். "டக், டக்" என்று ஓசை வருவது, ஃபைல் திறக்க நெடுநேரம் எடுப்பது, சில ஃபைல்கள் திறக்காமலே போவது ஆகியவை டிஸ்க் சாகும் அறிகுறிகள். அப்படி ஓசை வந்தால் எந்தச் சோதனையும் ஓட்ட வேண்டாம். சோதனை ஓட்டுவதே கடைசி மூச்சை வாங்கிவிடும். மற்ற எதையும் தொடாமல் கணக்கை மட்டும் முதலில் நகல் எடுங்கள். ஓசை இல்லையென்றால், சி டிரைவின் மேல் வலது பட்டனை அழுத்தி, ப்ராப்பர்ட்டீஸ், டூல்ஸ், செக் என்று போய்ச் சோதிக்கலாம். சி டிரைவில் இடம் அடியோடு தீர்ந்துபோனாலும் மெஷின் தடுமாறும். கேபிள் தளர்ந்திருந்தாலும் இதே அறிகுறிகள் வரும். எனவே டிஸ்க் மாற்றும் முன் கேபிளை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

5. டிரைவரும் மென்பொருளும். பில் பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர், எடைத் தராசு என்று நாம் சொருகும் ஒவ்வொன்றுக்கும் டிரைவர் என்ற சிறு மென்பொருள் உண்டு. இது விண்டோஸின் உள்ளறை வரை சென்று வேலை செய்வதால், இதில் தவறு வந்தால் மெஷின் முழுவதும் நிற்கும். சந்தேகப்படும் யு.எஸ்.பி. சாமான்களைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து, ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாக மறுபடி எழும்பச் செய்து, 4-ஐ அழுத்தினால் சேஃப் மோடு வரும். அதில் அவசியமான டிரைவர்கள் மட்டுமே ஓடும். சேஃப் மோடில் நிற்காமல் ஓடி, வழக்கமான முறையில் நின்றால் குற்றவாளி டிரைவரோ சேர்த்த மென்பொருளோதான். டிவைஸ் மேனேஜரில் "ரோல் பேக் டிரைவர்" என்பதைக் கொடுத்துப் பழைய டிரைவருக்குத் திரும்பலாம். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். உடைத்துக் கொடுத்த திருட்டு மென்பொருள் இருந்தால், அதை வைத்துக்கொண்டு பழுது தேடுவது வீண்.

விண்டோஸின் சொந்த ஃபைல்கள் கெட்டிருக்கின்றனவா என்று பார்க்க, கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, எஸ், எஃப், சி என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, அதை ஒட்டி "ஸ்கேன்நவ்" என்ற சொல்லை இடைவெளி இல்லாமல் தட்டி என்டர் கொடுக்க வேண்டும். கெட்டவற்றை அதுவே சரிசெய்யப் பார்க்கும். இன்னொரு சிறு விஷயம்: ஷட் டவுன் கொடுத்துத் திரும்பப் போட்டால் முழுமையாகப் புதிதாகத் தொடங்கியது ஆகாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதியால் விண்டோஸ் உள்நிலையைச் சேமித்து அதையே திரும்ப எடுக்கிறது. ஆகவே சோதிக்கும்போது ரீஸ்டார்ட்தான் கொடுக்க வேண்டும்.

பொறுத்திருந்து முடிவு செய்யுங்கள்

ஒரே நாளில் ரேமைத் துடைத்து, டிரைவரை மாற்றி, யு.பி.எஸ்.ஸையும் மாற்றினால் மெஷின் சரியாகலாம். ஆனால் எதனால் சரியாயிற்று என்று தெரியாது. மறுபடி வந்தால் மூன்றுக்கும் செலவழிக்க வேண்டியதுதான். ஆகவே ஒன்றை மாற்றுங்கள், நோட்டில் எழுதுங்கள், காத்திருங்கள். எவ்வளவு காத்திருப்பது? இரண்டு நாளுக்கு ஒரு முறை நிற்கும் மெஷின் ஒரு நாள் ஓடிவிட்டது என்று சந்தோஷப்படக் கூடாது. ஒரு வாரம் நிற்காமல் ஓடினால் நம்பலாம். வாரம் ஒரு முறை நிற்பது என்றால் மூன்று, நான்கு வாரம் பார்க்க வேண்டும். பழுது வரும் இடைவெளி எவ்வளவோ, அதைப்போல மூன்று மடங்கு என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் ஏமாற மாட்டோம்.

குற்றம் நம் மெஷினில் இல்லாமலும் இருக்கலாம்

2024 ஜூலை 19 அன்று உலகம் முழுவதும் விமான நிலையங்கள், வங்கிகள், மருத்துவமனைகளில் விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையில் நின்றன. எழும்பும், மறுபடி நிற்கும். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான ஃபைல்தான் காரணம். சுமார் 85 லட்சம் மெஷின்கள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. சேஃப் மோடில் எழுப்பி அந்த ஒரு ஃபைலை அழித்ததும் மெஷின்கள் சரியாயின. அன்றைக்கு ரேமை மாற்றியோ டிஸ்க்கை ஃபார்மட் செய்தோ ஒரு பயனும் இருந்திருக்காது.

அதே 2024-இல் இன்டெல் நிறுவனம் தனது 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சிலவற்றில் அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் தடுமாற்றம் ஏற்படுவதை ஒப்புக்கொண்டது. அதைத் தடுக்கும் பயாஸ் அப்டேட் வெளிவந்தது. உத்தரவாதமும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. அத்தகைய மெஷின் வாங்கியவர்கள் பில்லை எடுத்துப் பார்த்து, பயாஸ் அப்டேட் ஆகியிருக்கிறதா என்று விற்றவரிடம் கேளுங்கள். ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை அப்டேட் சரிசெய்யாது. மாற்றித்தான் வாங்க வேண்டும்.

ஆகவே, பழுது ஒரு அப்டேட் வந்த மறுநாளே தொடங்கியிருந்தால், அதே மென்பொருள் வைத்திருக்கும் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்பதையும் அந்தப் பழைய பதிப்பை வைத்திருப்போர் நினைவிற்கொள்ள வேண்டும்.

போலி நீலத் திரை

இணையத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருக்கும்போது திரை முழுவதும் நீலமாகி, அலறல் சத்தத்துடன், "உங்கள் கம்ப்யூட்டர் பழுதடைந்துவிட்டது, இந்த எண்ணுக்குப் பேசுங்கள்" என்று வந்தால் அது மோசடி. மைக்ரோசாஃப்டின் உண்மையான பழுதுச் செய்தியில் தொலைபேசி எண் ஒருபோதும் இருக்காது. அந்த எண்ணுக்குப் பேசினால், தொலைவிலிருந்து உங்கள் மெஷினை இயக்கும் மென்பொருளை ஏற்றச் சொல்வார்கள். அதன் பின் உங்கள் வங்கிக் கணக்கும் அவர்கள் கண்முன்னே. மெஷினை அப்படியே அணைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குத் தெரிவியுங்கள். குழந்தைகளும் அதே மெஷினைப் பயன்படுத்துகிறார்கள் என்றால் அவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

பழுதுபார்ப்பவரிடம் போகும்போது

இவ்வளவும் செய்து பிடிபடாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுக்கத்தான் வேண்டும். வெறுங்கையோடு போகாதீர்கள். நோட்டையும் நீலத் திரைப் படங்களையும் எடுத்துச் செல்லுங்கள். "எப்போதாவது நிற்கிறது" என்று சொன்னால் அவர் ஊகத்தில் பாகங்களை மாற்றுவார். "எட்டு முறை நின்றது, ஆறு முறை ஒரே வாசகம், எல்லாம் பில் பிரிண்டர் ஓடும்போது" என்று சொன்னால் நேரே அந்த இடத்துக்குப் போவார். உங்கள் பணமும் அவர் நேரமும் மிச்சம்.

கொடுக்கும்போது ஒரு துண்டுக் காகிதத்தில், "உள்ளே கடைக் கணக்கு உள்ளது; கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது" என்று எழுதி மெஷினிலேயே ஒட்டிவிடுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். டிஸ்க் மாற்றினால் பழைய டிஸ்க்கை அவரிடமே விட்டுவரக் கூடாது; அதில் உங்கள் வாடிக்கையாளர் பெயரும் பாக்கியும் இருக்கின்றன.

மெஷின் போனால் இன்னொன்று வாங்கலாம். ஐந்து வாரக் கடன் கணக்கு போனால் எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காது. ஆகவே அன்பர்கள் இந்த இதழை மூடிவைக்கும் முன் ஒரே ஒரு காரியம் செய்ய வேண்டும். கடைசியாக நகல் எடுத்த தேதி எது என்று பாருங்கள். அது நேற்றையதாக இல்லையென்றால், இன்று இரவு முதல் பில்லை ஏற்றும் முன் நகலை எடுங்கள்.